இந்தக் கவசம் யாருடையது?

முதன்முதலாக முழு வேஷம் கட்டி நின்றபோது எடுத்த படம் ஒன்று இன்னும் என்னிடம் இருக்கிறது. உடம்பில் இரும்பு வளையங்களைக் கோத்த வளையக் கவசம், தலையில் வாளியைக் கவிழ்த்தது போன்ற இரும்புக் கூடு, இடுப்பில் ஊசிமுனை வாள், தோளில் பளபளவென்று ஒரு தகடு. ராஜா மாதிரி இருப்பதாக நினைப்பு. பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர் என்னைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா நீங்க யாரு? எந்த ஊரு, எந்த வருஷம்?" என்று கேட்டார்.

"இடைக்கால வீரன்" என்றேன்.

"அதுல யாரு?"

பதில் இல்லை. அவரே சொன்னார்: "உங்க தலை 1250. வாள் 1400. தோள் 1480. நீங்க பிறந்து செத்து, உங்க பேரனும் செத்து, அவன் பேரனும் செத்தாச்சு."

அந்தக் கேள்வியைச் சுற்றித்தான் இந்தக் கட்டுரை. வரலாற்றின் ஒரு காலத்தை உடை, ஆயுதம், கூடாரம், பாத்திரம் வரை திரும்ப உருவாக்கி அதற்குள் ஓரிரு நாள் இருந்து பார்ப்பதுதான் ரீஎனாக்ட்மென்ட். இதற்குப் புதிதாக வருபவர் எல்லோரும் கேட்கும் கேள்வி, "இது இடைக்காலத்துப் பொருளா?" என்பது. அந்தக் கேள்விக்கு 'ஆமாம்' என்று பதில் கிடைத்தாலும் பயனில்லை. ஐரோப்பிய இடைக்காலம் என்று பொதுவாகச் சொல்வது கிட்டத்தட்ட ஆயிரம் ஆண்டு. கேட்க வேண்டியது, "இந்த ஆளிடம், இந்த இடத்தில், இந்த வருஷம் இது இருந்திருக்குமா?" என்பதுதான். ஆராய்ச்சி என்று நாங்கள் சொல்வதெல்லாம் இந்த ஒரு கேள்விக்குச் சாட்சி தேடுவதுதான்.

காலம் எவ்வளவு வேகமாக மாறியது என்று ஒரு பறவைப் பார்வை பார்த்துவிடலாம். 1066இல் இங்கிலாந்தின் ஹேஸ்டிங்ஸ் போரில் நின்றவனுக்கு வளையச் சட்டையும், மூக்கை மறைக்கும் ஒற்றைப் பட்டை வைத்த கூம்புத் தொப்பியும். 1250 வாக்கில் பணக்கார வீரனுக்குத் தலை முழுவதையும் மூடும் பெரிய இரும்புக் கூடு வந்துவிட்டது. உடம்பு இன்னும் வளையம்தான், கைவிரல் வரை. 1300க்கும் 1350க்கும் நடுவில் முழங்கால், முழங்கை, மார்பு என்று தகடுகள் ஒவ்வொன்றாக ஒட்டிக்கொள்கின்றன. 1400 வந்ததும் தலையிலிருந்து கால் வரை தகடு. 1450க்குப் பிறகோ வருஷம் மட்டும் போதாது, ஊரும் வேண்டும்: மிலான் பட்டறைக்காரர்கள் உருண்டையான, வழவழப்பான தகடு அடித்தார்கள், தெற்கு ஜெர்மனியில் வரிவரியாக மடிப்பு எடுத்து, முனைகளைக் கூராக இழுத்தார்கள். இரண்டையும் கலந்து போட்டால் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு உடனே உறுத்தும்.

ஆகவே கடைக்குப் போகும் முன்னால் ஒரு ஆளை முடிவு செய்ய வேண்டும். பெயர்கூட வேண்டாம். ஊர், பத்திருபது வருஷத்துக்குள் ஒரு காலம், அந்தஸ்து. மூன்றாவதைத்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள், ஏனென்றால் எல்லோருக்கும் நைட், அதாவது கவசம் பூண்ட குதிரைவீரப் பிரபு, ஆக ஆசை.

1181இல் இங்கிலாந்தின் இரண்டாம் ஹென்றி ஓர் ஆணை போட்டார். யார் யார் வீட்டில் என்னென்ன ஆயுதம் இருக்க வேண்டும் என்பதற்கான ஆணை. நைட்டுக்குரிய நிலம் வைத்திருப்பவனுக்கு நீண்ட வளையச் சட்டை, தலைக்கவசம், கேடயம், ஈட்டி. 16 மார்க் (மார்க் என்பது அன்றைய பணக் கணக்கு) பெறுமான சொத்தோ வருமானமோ உள்ள சுதந்திர மனிதனுக்கும் அதே. 10 மார்க் உள்ளவனுக்குக் குட்டை வளையச் சட்டை, இரும்புத் தொப்பி, ஈட்டி. அதற்கும் கீழே இருக்கும் நகரவாசிகளுக்கும் சுதந்திர மனிதர்களுக்கும் பஞ்சு வைத்துத் தைத்த சட்டை, இரும்புத் தொப்பி, ஈட்டி. இதைப் படித்தபோது எனக்கு இரண்டு விஷயம் உறைத்தது. பட்டியலில் எல்லோருக்கும் பொதுவாக இருப்பது ஈட்டி; வாளைப் பற்றிப் பேச்சே இல்லை. அடுத்தது, கடைசி வரிசை மனிதன் ஒன்றும் கந்தல் கட்டிய ஆள் இல்லை. தலைக்கு இரும்பும் உடம்புக்குத் தைத்த சட்டையும் அவனுக்கும் உண்டு. புதிதாகத் தொடங்குகிறவருக்கு இந்தக் கடைசி ஆள்தான் சரியான ஆள் என்பது என் கட்சி. செலவு குறைவு, எடை குறைவு, தப்பும் குறைவு. நைட்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

ஆளை முடிவு செய்தபின் சாட்சிகள். மூன்று வகை: இன்றுவரை பிழைத்திருக்கும் பொருள்கள், படங்களும் சிற்பங்களும், எழுத்து. மூன்றுமே பொய் சொல்லும். ஆனால் மூன்றும் ஒரே மாதிரிப் பொய் சொல்லாது. அங்கேதான் நமக்குப் பிடி கிடைக்கிறது.

பொருளிலிருந்து தொடங்குவோம். அருங்காட்சியகத்தில் ஒரு கவசம் நிற்கிறது. இதைவிட நம்பகமான சாட்சி உண்டா என்று தோன்றும். ஆனால் எது பிழைத்தது என்று யோசியுங்கள். அழகானது, விலை உயர்ந்தது, ஒரு பெரிய குடும்பம் பெட்டிக்குள் வைத்துப் பாதுகாத்தது, இல்லையென்றால் ஒரு கோயிலுக்குக் காணிக்கையாகப் போனது. சாதாரணச் சிப்பாயின் சட்டை கிழியும் வரை உழைத்தது. இரும்பு திரும்ப உலைக்குப் போனது. வடஇத்தாலியின் தெற்கு டிரோலில் இருக்கும் சூர்பர்க் கோட்டையில் 14ஆம் நூற்றாண்டின் கடைசியைச் சேர்ந்த கவசங்கள் இன்றும் இருக்கின்றன, ஒரே குடும்பத்தின் ஆயுதக்கூடமாக. இந்தத் துறையில் இருப்பவர்களுக்கு அது புண்ணிய ஸ்தலம் மாதிரி. ஆனால் அங்கே இருப்பது பிரபுக்களின் கவசம். அதைப் பார்த்து 1390களில் எல்லோரும் இப்படித்தான் இருந்தார்கள் என்று சொன்னால், மாளிகையைப் பார்த்துவிட்டு ஊரில் குடிசையே கிடையாது என்று சொல்வது போலாகும்.

இத்தாலியின் மாந்துவா நகருக்குப் பக்கத்தில், குர்தாத்தோனே என்ற ஊரில் ஒரு மாதா கோயில் உண்டு. அதன் சுவர் நெடுக நேர்த்திக்கடன் பொம்மைகள், ஆளுயரத்தில். அவற்றில் சில கவசம் போட்டிருந்தன. கவசத்துக்கு மேல் கனமாகப் பெயின்ட் பூசியிருந்ததால் அதுவும் பொம்மையோடு சேர்ந்த காகிதக்கூழ் என்றே காலகாலமாகப் பலரும் எண்ணிக்கொண்டிருந்தார்கள். 20ஆம் நூற்றாண்டில் ஆய்வாளர்கள் கிட்டப்போய்ப் பார்த்தபோதுதான் அது 15ஆம் நூற்றாண்டின் அசல் எஃகுக் கவசம் என்று தெரிந்தது. இத்தனை நாள் எல்லோர் கண்ணெதிரிலும் நின்றிருக்கிறது.

இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் பணக்காரர்கள் வீட்டுக்கூடத்தில் கவசம் நிறுத்தி வைப்பது ஒரு மோகமாக இருந்தது. தேவைக்கு ஏற்ற அளவுக்குப் பழைய கவசம் இல்லை. எனவே பட்டறைகள் புதிதாகச் செய்து 'பழையது' ஆக்கின. அதைவிட அதிகமாக, நாலு வெவ்வேறு கவசத்தின் துண்டுகளை ஒட்டவைத்து ஒரு முழுக் கவசம் ஆக்கின. அருங்காட்சியகக் குறிப்புச்சீட்டில் "பல கவசங்களின் பகுதிகள் சேர்ந்தது" என்ற பொருளில் ஒரு சொல் இருந்தால் அதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். இடது தோளுக்கும் வலது தோளுக்கும் முப்பது வருஷம் வித்தியாசம் இருக்கலாம்.

சாதாரண மனிதனின் கவசம் நமக்கு மொத்தமாகக் கிடைத்த இடம் ஒன்று உண்டு. அது ஒரு சோகமான இடம். 1361 ஜூலை 27, பால்டிக் கடலின் கோட்லாந்து தீவு. டென்மார்க் மன்னர் நான்காம் வால்டெமாரின் படைக்கும் தீவின் குடியானவர்களுக்கும் விஸ்பி நகர மதிலுக்கு வெளியே சண்டை. குடியானவர்கள் செத்து விழுந்தார்கள். உச்சிக் கோடை. வழக்கமாகப் போர் முடிந்ததும் பிணத்தின் மேலிருந்து கவசத்தைக் கழற்றிவிடுவார்கள். இரும்புக்கு விலை உண்டு. இங்கே உடல்கள் அழுகத் தொடங்கிவிட்டதாலோ என்னவோ, பலரை அப்படியே பள்ளத்தில் போட்டு மூடிவிட்டார்கள். 1905இலிருந்து 1930 வரை கட்டம் கட்டமாகத் தோண்டினார்கள். வெளியே வந்தவர்கள் 1,100க்கும் மேல். சில மண்டையோடுகள் இன்னும் வளையத் தலையுறைக்குள்ளேயே இருந்தன. கூடவே இருபதுக்கும் மேற்பட்ட தகட்டுச் சட்டைகள், துணி மக்கிப்போய், இரும்புத் தகடுகள் மட்டும் வரிசை கலையாமல்.

அந்தத் தகட்டுச் சட்டையைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்ப்போம். மூன்று சாட்சிகளும் சேர்ந்து எப்படி ஒரு பொருளைத் தெளிவாக்குகின்றன என்பதற்கு எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

ஜெர்மனியில் மாக்டபுர்க் பேராலயத்தில் புனித மொரீஷியஸின் சிலை ஒன்று இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி. வளையச் சட்டைக்கு மேல் கையில்லாத மேலாடை போட்டிருக்கிறார். மார்பில் வரிசை வரிசையாகச் சின்னச் சின்னப் புள்ளிகள், முதுகுப்பக்கம் வார்ப்பூட்டு. இந்தச் சிலை மட்டும்தான் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். "தோல் சட்டையில் அலங்காரத்துக்குக் குமிழ் ஆணி அடித்திருக்கிறார்கள்" என்றுதான் சொல்வீர்கள். இப்படிப்பட்ட சிற்பங்களையும் ஓவியங்களையும் பார்த்துப் பலர் அப்படித்தான் புரிந்துகொண்டார்கள். கணினி விளையாட்டுகளில் 'குமிழ் வைத்த தோல் கவசம்' என்று ஒன்று வருமே, அப்படி ஒரு கவசம் ஐரோப்பியப் போர்க்களத்தில் இருந்ததற்கு உருப்படியான சான்றே இல்லை.

இப்போது விஸ்பி குழிக்கு வாருங்கள். அங்கே துணி இல்லை, தகடு இருக்கிறது. தகட்டில் ஆணி இருக்கிறது. சிலையில் வெளிப்புறம் தெரிந்தது, உட்புறம் மறைந்திருந்தது. குழியில் உட்புறம் கிடைத்தது, வெளிப்புறம் மக்கிவிட்டது. இரண்டையும் சேர்த்தால்தான் பொருள் முழுமையாகிறது: கெட்டித் துணி அல்லது தோலின் உட்பக்கம் இரும்புத் தகடுகளை ஆணி அடித்து முடுக்கிய சட்டை. சிலையில் தெரிந்த அந்தப் புள்ளிகள் ஆணித் தலைகள். மூன்றாவது சாட்சி எழுத்து. 14ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயப் பொருள் பட்டியல்களில் 'ஒரு ஜோடித் தகடு' என்று அடிக்கடி வரும். ஜோடி என்றதும் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று எண்ணத் தோன்றும். அந்தக் காலப் பேச்சில் அந்தச் சொல்லுக்கு ஒரு 'செட்' என்ற பொருளும் உண்டு. விஸ்பியில் ஒரு சட்டைக்கு ஏழெட்டுப் பெரிய தகடும் உண்டு, நூற்றுக்கணக்கான சின்னத் தகடும் உண்டு. பெயர், வெளித்தோற்றம், உட்கட்டு மூன்றும் இப்படித்தான் ஒரே ஆளின் உடம்பில் வந்து உட்கார்ந்தன.

விஸ்பியிலும் ஒரு கண்ணி இருக்கிறது. புதைத்த வருஷம் 1361 என்பதால் செய்த வருஷமும் 1361 ஆகிவிடாது. அவற்றில் பல அன்றைக்கே பழைய மோஸ்தர். அப்பன் போட்டது, சந்தையில் பழையதாக வாங்கியது, யாரிடமோ கடன் வாங்கியது. அதே வருஷம் பாரிஸில் ஒரு பிரபு இதை மாட்டிக்கொண்டு வந்தால் சிரித்திருப்பார்கள். கோட்லாந்துக் குடியானவனுக்கு இதுதான் கவசம். ஊரும் அந்தஸ்தும் இல்லாமல் வருஷம் மட்டும் போதாது என்று மேலே சொன்னேனே, அது இதுதான்.

அடுத்து கல்லறைகள். இங்கிலாந்து, ஜெர்மனி, பிரான்ஸ் தேவாலயங்களில் இறந்தவரை முழுக் கவசத்தோடு படுக்கவைத்தாற்போல் சிற்பம் வடிப்பார்கள், இல்லையென்றால் பித்தளைத் தகட்டில் செதுக்குவார்கள். பெயர் உண்டு, இறந்த தேதி உண்டு, வார், வார்ப்பூட்டு, கீல் எல்லாம் உண்டு. எங்களுக்குப் பொக்கிஷம். வாரிக் நகரத்தின் புனித மரியாள் தேவாலயத்தில் ரிச்சர்டு போஷாம்ப் என்ற பிரபுவின் உலோகச் சிற்பம் கிடக்கிறது. மல்லாந்து படுத்திருக்கும் சிற்பத்தின் முதுகை யாரும் பார்க்கப்போவதில்லை. ஆனாலும் முதுகுத் தகட்டின் வார் எங்கே போய் எதில் மாட்டுகிறது என்பது வரை வடித்திருக்கிறார்கள். செய்தவருக்கு முன்னால் ஓர் அசல் கவசம் இருந்திருக்கும் என்றுதான் நம்பத் தோன்றுகிறது.

ஆனால் போஷாம்ப் இறந்தது 1439இல். சிற்பத்துக்கு ஒப்பந்தம் போட்டது பத்து வருஷம் கழித்து. அவர் மேல் இருப்பது 1450 வாக்கின் மிலான் பாணி. அதாவது அவர் உயிரோடிருந்தபோது அந்தக் கவசத்தைப் பார்த்தே இருக்க மாட்டார். கல்லறையில் பொறித்த தேதி இறந்த தேதி, கவசத்தின் தேதி இல்லை.

சர் ஜான் டாபெர்னனின் பித்தளைத் தகடு இதைவிட வேடிக்கை. இங்கிலாந்தின் சர்ரே பகுதியில் இருக்கிறது. அப்பா, மகன் இருவருக்கும் ஒரே பெயர். தகடு 1277இல் இறந்த அப்பாவுடையது, எனவே நாட்டிலேயே மிகப் பழைய பித்தளைத் தகடு இதுதான் என்று வெகுநாள் எழுதிக்கொண்டிருந்தார்கள். பிறகு பாணியை வைத்து ஆராய்ந்து, அது மகனுடையது, 1327 வாக்கு என்று மாற்றினார்கள். ஐம்பது வருஷம் நகர்ந்துவிட்டது! பழைய தேதியை நம்பித் தன் 1270களின் வீரனுக்கு அதைப் பார்த்து உடை தைத்தவர்கள் எத்தனை பேரோ.

ஒரே ஆளுக்குச் சிற்பமும் பொருளும் சேர்ந்து கிடைப்பது அபூர்வம். கேன்டர்பரி பேராலயத்தில் 'கறுப்பு இளவரசன்' என்று பெயர் பெற்ற எட்வர்டின் கல்லறை அப்படிப்பட்டது. 1376இல் இறந்தவர். முழுக் கவசத்தில் உலோகச் சிற்பம்; கூடவே அவருடைய தலைக்கவசம், கேடயம், பஞ்சு வைத்துத் தைத்த மேலங்கி, கையுறைகள் கல்லறைக்கு மேலே தொங்கவிட்டிருந்தார்கள், இன்றும் பாதுகாப்பாக இருக்கின்றன. கையுறையும் மேலங்கியும் சிற்பத்திலும் உண்டு, அசலிலும் உண்டு. ஒன்றைக்கொண்டு மற்றதைச் சரிபார்க்கலாம். மேலங்கிதான் எனக்கு முக்கியம். இரும்பு எப்படியாவது பிழைத்துவிடும். ஒரு போர்க்காரனின் துணி அறுநூறு வருஷத்துக்கு மேல் பிழைத்தது பெரிய விஷயம்.

ஓவியங்களுக்கு வேறு குணம். நியூயார்க்கின் மார்கன் நூலகத்தில் 1240களைச் சேர்ந்த ஒரு பிரெஞ்சு ஓவியச் சுவடி இருக்கிறது. பழைய ஏற்பாட்டுக் கதைகள். சவுலும் தாவீதும் இஸ்ரவேலரும் பெலிஸ்தரும் அச்சு அசல் 13ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக்காரர்களாக நிற்பார்கள்: வளையச் சட்டை, பெரிய தலைக்கூடு, விளிம்பு வைத்த இரும்புத் தொப்பி, தைத்த பஞ்சுச் சட்டை. ஓவியனுக்குப் பழங்காலம் எப்படி இருந்தது என்ற கவலை இல்லை. தன் காலத்தை வரைந்தான். ஆகவே கதை நடந்த காலத்துக்கு அந்தச் சுவடி உதவாது, வரைந்த காலத்துக்கு உதவும். வளையச் சட்டையைத் தலைகீழாகக் குனிந்து உதறிக் கழற்றுவது வரை வரைந்திருக்கிறான். போட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அப்படித்தான் கழற்ற முடியும். அதே சுவடியில் ஒரு விநோதமான வெட்டுக்கத்தியும் வருகிறது, நீளமான பிடி, அகன்ற அலகு, ஒரே வெட்டில் தலைக்கவசத்தையே பிளக்கிறது. அதைப் போல ஒன்றுகூட இதுவரை மண்ணிலிருந்து கிடைத்ததில்லை. ஓவியனின் கற்பனையா, நிஜமாக இருந்து அழிந்துபோனதா என்று இன்றும் சண்டை நடக்கிறது. என் குறிப்பில் அதற்கு நேராகக் கேள்விக்குறி போட்டிருக்கிறேன். ஒரே ஒரு சாட்சி மட்டும் சொல்லும் பொருளை நான் வாங்குவதில்லை.

வரைகிறவனுக்குக் குறுக்கு வழிகளும் உண்டு. வளையக் கவசத்தில் இருபதாயிரத்துக்கு மேல் வளையங்கள். யார் வரைவது? ஒருவர் வட்டம் வட்டமாகப் போட்டார், ஒருவர் குறுக்குக் கோடு இழுத்தார், ஒருவர் அரைவட்டங்களைப் பட்டை பட்டையாக அடுக்கினார். 11ஆம் நூற்றாண்டின் பேயோ தொங்கல் சீலையில், ஏறத்தாழ எழுபது மீட்டர் நீளத்துக்கு, ஊசியும் நூலும் கொண்டு பெரிய பெரிய வட்டங்களாகத் தைத்திருக்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சாமுவேல் ரஷ் மெய்ரிக் என்ற ஆங்கிலேய அறிஞர் இவை ஒவ்வொன்றும் ஒவ்வொரு வகைக் கவசம் என்று எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயரும் வைத்தார். கவச ஆய்வை ஒழுங்கான துறையாக்கியவர்களில் அவரும் ஒருவர் என்பதால் குறை சொல்ல மனசு வரவில்லை. ஆனாலும் துணியில் வளையங்களைத் தனித்தனியாகத் தைத்த கவசம் என்ற பேய் அங்கிருந்து கிளம்பியது, இன்னும் அடங்கவில்லை. அந்த ஓவியங்கள் காட்டுவது ஒரே பொருளைத்தான்: ஒவ்வொரு வளையமும் பக்கத்து நாலு வளையங்களுக்குள் நுழைந்து நிற்கும் வலை.

வளையம் என்று வந்துவிட்டதால் என் முதல் சட்டையின் வண்டவாளத்தையும் சொல்லிவிடுகிறேன். விற்றவர் "அசல் மாதிரியே" என்றார். வந்து இறங்கியதும் அள்ளிப் பார்த்தேன். ஒவ்வொரு வளையமும் கம்பியை வளைத்து, இரண்டு முனையையும் முட்டவிட்டதோடு சரி. அசலில் அந்த முனைகளைத் தட்டையாக்கி, ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து, துளையிட்டு, கடுகளவு ஆணி அடித்து மூடியிருப்பார்கள். ஒரு வரிசை அப்படி, அடுத்த வரிசை தகட்டிலிருந்து அப்படியே வெட்டியெடுத்த இணைப்பில்லாத வளையம் என்று மாறி மாறி வருவதும் உண்டு. 14ஆம் நூற்றாண்டுக்குப் பிறகு எல்லா வளையமும் ஆணி வைத்ததே பெரும்பான்மை. முட்டவிட்ட வளையம் ஒரு இழுப்புக்குத் திறந்துகொள்ளும். என் சட்டை முதல் நாளே அக்குளில் கொட்டத் தொடங்கியது, புல்லில் பொறுக்கிக்கொண்டே நடந்தேன். அதைவிட, திறக்காமல் இருக்க வேண்டும் என்பதற்காகக் கம்பியைத் தடிமனாக வைத்திருந்ததால், அது அசலைவிடக் கனம். ஆணி வைத்த மெல்லிய வளையச் சட்டை 10 கிலோ பக்கம் வரும். இடுப்பில் ஒரு வாரை இறுக்கிக் கட்டிவிட்டு, மேலே இருக்கும் வளையத்தைக் கொஞ்சம் உருவித் தளர்த்தி விட்டால் பாதிப் பாரம் தோளிலிருந்து இடுப்புக்கு இறங்கிவிடும். இதைச் சொல்லித்தர எனக்கு ஆளில்லை, இரண்டு நாள் தோள் வலித்த பிறகுதான் தெரிந்தது.

மூன்றாவது சாட்சி எழுத்து. ஆணைகள், உயில்கள், பொருள் பட்டியல்கள், வியாபாரக் கணக்குகள். இத்தாலியின் பிராதோ நகரத்து வியாபாரி பிரான்செஸ்கோ தாத்தினி 14ஆம் நூற்றாண்டில் தெற்கு பிரான்ஸின் அவிஞோனில் ஆயுத வியாபாரம் செய்தவர். அவருடைய கடிதங்கள் ஒரு லட்சத்துக்கு மேல் இன்றும் இருக்கின்றன. எழுத்தின் பலம், படத்தில் தெரியாததைச் சொல்வது: உள்ளே என்ன துணி, எத்தனை மடிப்பு, என்ன விலை. பிரெஞ்சு மன்னர் பதினொன்றாம் லூயியின் ஆணையொன்று, சிப்பாய்ச் சட்டைக்கு 25 அல்லது 30 மடிப்புத் துணியும் அதன்மேல் ஒரு மான் தோலும் வேண்டும் என்கிறது. முப்பது மடிப்பு! அதைப் படிக்கும் வரை பஞ்சுச் சட்டை என்றால் குளிர்காலச் சட்டை மாதிரி ஏதோ என்று நினைத்திருந்தேன். எழுத்தின் பலவீனம், சொல் வழுக்கும். ஒரே சொல் ஒரு ஊரில் உள்ளே போடும் சட்டை, இன்னொரு ஊரில் மேலே போடும் சட்டை, நூறு வருஷம் கழித்து வேறு எதுவோ. ஜோடித் தகட்டின் கதை பார்த்தோமே.

எழுத்துகளில் எனக்குப் பிரியமானது 15ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் குறிப்பு ஒன்று. தரையில் நின்று சண்டை போடப்போகிறவன் வசதியாகக் கவசம் அணிவது எப்படி என்று சொல்லும் ஒரு சின்ன உரைநடை. முதல் வேலையாக, உள்ளே சட்டை போடாதே என்கிறது. முரட்டுப் பருத்தித் துணியில், உள்ளே சாட்டின் வைத்து, காற்றுக்காகத் துளைகள் வெட்டிய ஒட்டுச் சட்டை போடு. கவசத்தை இழுத்துக் கட்டும் கயிறு குறுக்குவில்லின் நாண் செய்யும் நூலில் இருக்கட்டும், செருப்புத் தைப்பவர் மெழுகு தடவு. அப்போதுதான் இழுபடாது, அறாது. அக்குள், முழங்கை மடிப்பு என்று தகடு மூடாத இடத்தில் வளையத் துண்டு தை. முழங்காலைச் சுற்றி மெல்லிய கம்பளித் துண்டு சுற்று, கால் தகடு உராயாமல் இருக்க. கவசத்தைப் பார்த்து மட்டும் யாரும் இதை எழுத முடியாது. முழங்கால் தோல் உரிந்த ஒருவன் எழுதியது.

வாள்களுக்கு ஒரு குறுக்குவழி உண்டு. ஈவர்ட் ஓக்ஷாட் என்ற ஆங்கிலேயர் இடைக்கால வாள்களை அலகின் வடிவத்தை வைத்து 10ஆம் வகையிலிருந்து 22ஆம் வகை வரை ரோம எண்களில் பிரித்தார். பிடியின் அடியில் இருக்கும் குமிழுக்குத் தனி வரிசை. ரொம்பத் தோராயமாக, பழைய வகைகள் அகன்ற, தட்டையான, வெட்டுகிற அலகு. தகட்டுக் கவசம் பெருகியபின் வந்த 15ஆம் வகை நடுவில் முதுகெலும்பு போல மேடு உள்ள, விறைப்பான, இடுக்கில் குத்துகிற அலகு. என் படத்தில் இருந்த முரண் இதுதான். தலைக்கூடு வெட்டு வாள் காலம், வாள் குத்து வாள் காலம். ஒரு எச்சரிக்கை: இது வடிவத்துக்கான பெயர், வருஷத்துக்கான பெயர் இல்லை. சில வகைகள் இருநூறு வருஷம் ஓடியிருக்கின்றன.

எடையைப் பற்றி எல்லோரும் கேட்பதால் சுருக்கமாக. ஒற்றைக்கை வாள் 1 கிலோவிலிருந்து ஒன்றரை கிலோவுக்குள். 15ஆம் நூற்றாண்டுப் போர்க்களக் கவசம் 20–25 கிலோ பக்கம், அதுவும் உடம்பெல்லாம் பரவி. நைட்டைக் குதிரை மேல் ஏற்றப் பளுதூக்கும் எந்திரம் வேண்டும் என்பது சினிமாக் கதை. 1400களின் தொடக்கத்தில் வாழ்ந்த பூசிக்கோ என்ற பிரெஞ்சுத் தளபதி கவசத்தோடு கரணம் அடித்தார், ஏணியின் அடிப்பக்கமாகக் கைகளால் மட்டுமே பிடித்து ஏறினார் என்று அவர் காலத்து வாழ்க்கைக் குறிப்பே சொல்கிறது. அதற்காகச் சுலபம் என்று நினைக்காதீர்கள். 2011இல் லீட்ஸ் பல்கலைக்கழகத்தினர் கவசம் போட்டவர்களை ட்ரெட்மில்லில் நடக்கவிட்டு அளந்தபோது, நடப்பதற்கான சக்தி இரண்டு மடங்குக்கும் மேல் செலவானது. கைகாலில் இரும்பைக் கட்டி வீசுவது முதுகில் அதே எடையைச் சுமப்பதைவிடக் கஷ்டம். ஓட முடியும், வெகுநேரம் முடியாது.

இவ்வளவு ஆராய்ந்தபிறகும் ஓரிடத்தில் வேண்டுமென்றே தப்புச் செய்வோம். நம் வாள் ஓரம் தடித்து, முனை உருண்டு இருக்கும். தலைக்கவசம் அசலைவிடத் தடிமனாக இருக்கலாம். நண்பனின் மண்டையை உடைக்காமல் வீடு திரும்ப வேண்டுமே. அதில் வெட்கம் ஒன்றுமில்லை, தெரிந்து செய்த தப்பு என்று குறித்து வைத்துக்கொண்டால் போதும். நாலு வருஷம் கழித்து நம் பொருளையே நாம் சான்றாக நம்பிவிடும் ஆபத்து இருக்கிறது.

குறிப்பு நோட்டுதான் இந்தப் பொழுதுபோக்கின் மிக மலிவான கருவி. என்னுடையதில் பக்கத்துக்கு ஒரு பொருள். மேலே பொருளின் பெயர், கீழே பொருள், படம், எழுத்து என்று மூன்று கட்டம், ஓரத்தில் சந்தேகம். அருங்காட்சியக இணையப் பட்டியல்களில் முகப்புப் படத்தை மட்டும் பார்க்காமல் எடை, அளவு, உட்புறப் படம், பழுது பார்த்த குறிப்பு எல்லாவற்றையும் எடுத்து எழுதுவேன். லண்டன் வாலஸ் கலெக்ஷன், லீட்ஸ் ராயல் ஆர்மரீஸ், நியூயார்க் மெட்ரோபாலிடன் மூன்றிலும் இதற்கு நிறைய தீனி உண்டு. உட்புறப் படம் கிடைக்கும் தலைக்கவசம் வெளிப்புறம் மட்டும் தெரியும் பத்துக்குச் சமம். ஓரத்தில் இருக்கும் ஆணித்துளை வரிசையைப் பார்த்தால்தான் மெத்தையை எதில் தைத்தார்கள் என்று புரியும்.

இப்போது என் நோட்டின் முதல் பக்கத்தில் ஒரு ஆள் இருக்கிறான். கோட்லாந்து, 1361, சுமாரான நிலம் உள்ள குடியானவன், வயது நாற்பதுக்குள். தலைக்கு வளையத் தலையுறை: மூன்று கட்டமும் நிரம்பிவிட்டன. உடம்புக்கு அப்பா காலத்துத் தகட்டுச் சட்டை: நிரம்பிவிட்டது. கைக்கு, குழியில் கிடைத்த கையுறைகளைப் பார்த்து: இரண்டு கட்டம். காலுக்கு வந்தபோது வெகுநாள் பக்கம் காலியாகக் கிடந்தது. ஏதாவது முழங்கால் தகடு போடலாமா என்று படங்களை அலசிக்கொண்டிருந்தேன். பிறகு எலும்பாய்வைப் படித்தேன். விஸ்பியில் இறந்தவர்களின் வெட்டுக்காயங்களில் பெரும்பகுதி முழங்காலுக்குக் கீழே. கேடயத்துக்கு அடியில், இரும்பு இல்லாத இடத்தில். அந்தக் கட்டத்தில் 'ஒன்றுமில்லை' என்று எழுதி, பக்கத்தில் எலும்பாய்வின் பக்க எண்ணைப் போட்டேன்.

பழைய தலைக்கூடு அலமாரி மேலே இருக்கிறது. அதற்கேற்ற 1250ஆம் வருஷத்து ஆள் இன்னும் கிடைக்கவில்லை.